விற்ற வீட்டில் எத்தனை நாள் இருக்கலாம்?



கடந்த வாரம் ஓய்வு வேளையில், எங்கள் ஆசிரியர் அறையில் இளம் ஆசிரியை ஒருவர் தயங்கித் தயங்கி என்னிடம் ஒரு செய்தியைச் சொன்னார். அவரும் அவருடைய கணவரும் பழைய வீடு ஒன்றை வாங்கியிருக்கிறார்கள். வங்கிக் கடன் முழுமையாக வெளியாகிவிட்டது. மாதத் தவணையும் தொடங்கிவிட்டது. சாவி மட்டும் கைக்கு வரவில்லை. விற்றவர்கள் இன்னும் அதே வீட்டில்தான் குடியிருக்கிறார்கள்.

"கேட்டால் கோபித்துக் கொள்வார்களோ என்று பயமாக இருக்கிறது, சார். கேட்காமல் இருந்தால் இப்படியே போய்விடுமோ என்றும் பயமாக இருக்கிறது" என்றார்.

அந்த இரண்டு பயங்களையும் நான் அறிவேன். அவற்றோடு மூன்று மாதங்கள் குடும்பம் நடத்தியவன் நான். வீடு வாங்குவதைப் பற்றி நம்மவர்கள் நிறையப் பேசுகிறோம். விலை, வட்டி, வாஸ்து, திசை என்று எல்லாவற்றையும் அலசுகிறோம். ஆனால், வாங்கிய வீடு எந்த நாளில் நம் கைக்கு வரும் என்பதை மட்டும் பேசாமல் விட்டுவிடுகிறோம். அதைப் பற்றிய என் கருத்தை இங்கே எழுதி வைக்க விரும்புகிறேன்.

நான் பட்ட பாடு

2018-ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத்தில் ஒரு வரிசை வீட்டை 380,000 ரிங்கிட்டுக்கு வாங்கினேன். விற்றவர்கள் நம்மவர்கள். என்னைவிட வயதில் மூத்த தம்பதியர். முதன்முதலில் வீட்டைப் பார்க்கச் சென்றபோதே அந்த அண்ணன் தேநீர் கொடுத்து, பின்புறத்தில் தாம் வைத்த முருங்கை மரத்தையும் காட்டினார். இவ்வளவு நல்ல மனிதர்களிடம் வீடு வாங்குகிறோமே என்று மகிழ்ந்து போனேன். ஒப்பந்தத்தில் 'முழுப்பணம் செலுத்தியவுடன் வீடு ஒப்படைக்கப்படும்' என்று ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரியே போதும் என்று எண்ணிக் கையொப்பமிட்டேன்.

செப்டம்பர் 18-ஆம் நாள் முழுப்பணமும் செலுத்தப்பட்டது. அன்று மாலை அந்த அண்ணன் அழைத்தார். "சார், இரண்டு வாரம் மட்டும் பொறுத்துக்குங்க. புது வீட்ல சாயம் பூசுற வேலை முடியல" என்றார். "அதற்கென்ன அண்ணே" என்றேன்.

இரண்டு வாரம் கழிந்தது. "தீபாவளி நெருங்கிடுச்சு சார். இத்தனை வருசம் இருந்த வீடு. கடைசித் தீபாவளிய இங்கேயே கொண்டாடிட்டுப் போயிடுறோம்" என்றார். மனம் இளகியது. தீபாவளி முடிந்ததும், அவர் மகளுக்கு எஸ்.பி.எம். தேர்வு தொடங்கிவிட்டது. ஓர் ஆசிரியனிடம் தேர்வைக் காரணமாகச் சொன்னால் அவன் என்ன பதில் சொல்வான்? "பிள்ளை நல்லா எழுதட்டும் அண்ணே" என்றேன். டிசம்பர் 17-ஆம் நாள்தான் சாவி கைக்கு வந்தது. சரியாக 90 நாள்!

அந்த 90 நாளில் எங்கள் வீட்டில் நடந்தது என்ன? நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டை, செப்டம்பர் மாத இறுதியில் காலி செய்வதாக ஏற்கெனவே சொல்லிவிட்டோம். வீட்டு உரிமையாளர் வேறொரு குடும்பத்திற்கு வாக்குக் கொடுத்துவிட்டார். எனவே, பெட்டி படுக்கையோடு என் அக்காள் வீட்டிற்குப் போனோம். குளிர்பதனப் பெட்டி அவர் வீட்டு முகப்பில் நின்றது. பதினைந்து ஆண்டுகளாகச் சேர்த்த என் புத்தகங்கள் அட்டைப் பெட்டிகளில் மழைச்சாரல் பட்டு ஊறிப்போயின. அக்காள் ஒருநாளும் முகம் சுளிக்கவில்லை. ஆனால், பிறர் வீட்டில் குழந்தையை 'சத்தம் போடாதே' என்று நாள்தோறும் அடக்கி வைக்கும் தாயின் முகத்தை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

இல்லாத வீட்டிற்கு மாதத் தவணை 1,733 ரிங்கிட். மூன்று மாதத்திற்கு 5,199 ரிங்கிட். ஐப்பசியில் குறித்து வைத்திருந்த புதுமனை புகுவிழா நின்றுபோனது. சாவி வந்தபோது மார்கழி பிறந்துவிட்டது. மகன் சனவரியில் முதலாம் ஆண்டில் சேர வேண்டும். எனவே, மார்கழியிலேயே சாமான்களைக் கொண்டுபோய் வைத்துக் குடிபுகுந்தோம். தையில் பால் காய்ச்சினோம்.

என்னை ஊமையாக்கியது எது?

இவ்வளவு துன்பப்பட்டும் நான் ஏன் வாய் திறக்கவில்லை? நண்பர்கள் பலர் இதைக் கேட்டார்கள். இதற்கு உண்மையான பதில் என் இளமைக் காலத்தில் இருக்கிறது.

நான் தோட்டத்தில் பிறந்தவன். என் தந்தையார் பால்மரம் வெட்டினார். தோட்டம் கைமாறி, வீடமைப்புத் திட்டத்திற்குப் போனபோது லயத்து வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். வேலையோடு வந்த வீடு வேலையோடு போய்விட்டது. தாத்தா காலத்திலிருந்து வாழ்ந்த இடத்தைவிட்டு வெளியேற எங்களுக்குக் கிடைத்த அவகாசம் மிகக் குறைவு. என் தாயார் அம்மிக்கல்லைத் தூக்கிக்கொண்டு வர முடியாமல் அங்கேயே விட்டுவிட்டு வந்ததை இன்றும் மறக்கவில்லை. இந்நாட்டுத் தமிழர்களில் பல்லாயிரம் குடும்பங்களுக்கு இது சொந்தக் கதைதான்.

அப்படிப்பட்ட ஒருவன், இன்னொரு தமிழ்க் குடும்பத்தைப் பார்த்து 'வீட்டைக் காலி செய்யுங்கள்' என்று எப்படிச் சொல்வான்? நாக்கு எழவில்லை.

ஆனால், பின்னர் நிதானமாக எண்ணிப் பார்த்தபோது என் பிழை விளங்கியது. தோட்டத்தில் எங்களுக்கு வீட்டின் விலை கிடைக்கவில்லை. நாளை நாங்கள் குறிக்கவில்லை. ஒப்பந்தத்தில் எங்கள் கையொப்பம் இல்லை. 2018-இல் எனக்கு விற்றவரோ தாமாக விலை சொன்னவர். தாமாகக் கையொப்பமிட்டவர். பணத்தை முழுமையாகப் பெற்றுக்கொண்டவர். அந்த 90 நாளில் தலைக்குமேல் கூரை இல்லாமல் அலைந்தது என் குடும்பம்தான். வெளியேற்றப்படுபவர் வேறு, விற்றுவிட்டு வெளியேறாதவர் வேறு. இரண்டையும் ஒன்றாக எண்ணியதுதான் நான் செய்த தவறு.

விற்பவர் பக்கமும் நியாயம் உண்டு

இப்படிச் சொல்வதால் தாமதிக்கும் விற்பனையாளர் எல்லாரும் ஏமாற்றுக்காரர்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்களுடைய அச்சத்தையும் நாம் புரிந்துகொள்ள வேண்டும்.

நம் நாட்டில் பழைய வீடு கைமாறும் முறை எப்படி? ஒப்பந்தம் கையொப்பமாகும்போது வாங்குபவர் பொதுவாக 10 விழுக்காடு முன்பணம் கொடுக்கிறார். மீதப் பணத்திற்கு வழக்கமாக 3 மாதம் தவணை. அதற்கு மேலும் 1 மாதம் நீட்டிப்பு உண்டு. இந்தக் காலத்தில் வாங்குபவரின் வங்கி, முதலில் விற்பவரின் வங்கிக் கடனை அடைக்கிறது. பிறகு வீட்டுப் பத்திரம் மீட்கப்படுகிறது. நில அலுவலகத்தில் பெயர் மாற்றத்திற்குப் பத்திரங்கள் பதியப்படுகின்றன. இவையெல்லாம் முடிந்த பிறகுதான் விற்பவரின் கைக்கு மிச்சப் பணம் வந்து சேர்கிறது. நில அனுமதி தேவைப்படும் குத்தகை நிலமாக இருந்தால் இன்னும் நாளாகும். நம் ஆசிரியர்களில் பலர் எல்.பி.பி.எஸ்.ஏ. வழியாகக் கடன் பெறுகிறோம். அதன் நடைமுறைகளுக்கும் உரிய காலம் வேண்டும்.

ஆகவே, விற்பவர் மாதக் கணக்கில் பணத்திற்குக் காத்திருக்கிறார். 'வீட்டையும் விட்டு, பணமும் வராமல் நடுத்தெருவில் நின்றுவிடுவோமோ' என்று அஞ்சுகிறார். அந்தப் பணத்தை நம்பித்தான் அடுத்த வீட்டின் பழுதுபார்ப்பு வேலையே தொடங்க வேண்டியிருக்கும். இடையில் ஆடி வந்துவிடும், மார்கழி வந்துவிடும், பிள்ளைகளின் தேர்வு வந்துவிடும். இவற்றில் ஒன்றும் பொய்க் காரணமில்லை.

ஆனால், இவற்றில் ஒன்றும் திடீரென்று முளைத்த காரணமும் இல்லை! தீபாவளி எந்த நாளில் வரும் என்பது நாள்காட்டியில் இருக்கிறது. மகள் அந்த ஆண்டு ஐந்தாம் படிவத்தில் இருக்கிறாள் என்பது பெற்றோருக்குத் தெரியாதா? ஒப்பந்தம் எழுதும் நாளிலேயே 'எங்களுக்கு டிசம்பர் வரை வேண்டும்' என்று அவர்கள் சொல்லியிருக்கலாம். 'எப்போது காலி செய்வீர்கள்?' என்று நானும் கேட்டிருக்கலாம். இருவரும் நாகரிகம் கருதி வாய் மூடிக்கொண்டோம். அந்த நாகரிகத்தின் விலைதான் 90 நாள்.

ஒப்பந்தத்தில் ஒரு கை மட்டும் ஓங்கலாமா?

இங்கே இன்னொரு செய்தியையும் கவனிக்க வேண்டும். என் ஒப்பந்தத்தில், நான் பணம் கட்டத் தாமதித்தால் மீதத் தொகைக்கு ஆண்டுக்கு 8 விழுக்காடு வட்டி, நாள் கணக்கில் செலுத்த வேண்டும் என்று தெளிவாக எழுதியிருந்தது. விற்பவர் வீட்டை ஒப்படைக்கத் தாமதித்தால் என்ன என்பதற்கு ஒரு வரியும் இல்லை.

மேம்பாட்டாளரிடம் புதிய வீடு வாங்குவோர்க்கு இந்தக் கவலை குறைவு. அவர்களுக்குச் சட்டமே ஒப்பந்தப் படிவத்தை வகுத்துக் கொடுத்திருக்கிறது. தரைவீடு என்றால் 24 மாதம், அடுக்குமாடி என்றால் 36 மாதம் என்று காலம் குறிக்கப்பட்டுள்ளது. தாமதமானால் வீட்டு விலையில் ஆண்டுக்கு 10 விழுக்காடு என்ற கணக்கில் நாள்தோறும் இழப்பீடு உண்டு. ஆனால், பழைய உரிமையாளரிடமிருந்து வாங்கும் வீட்டிற்கு அப்படிப்பட்ட சட்டப் படிவம் இல்லை. நாம் கையொப்பமிடும் தாளில் என்ன இருக்கிறதோ அதுவே நமக்குக் காப்பு.

எனக்கும் அதே 8 விழுக்காடு எழுதப்பட்டிருந்தால் எவ்வளவு? ஒரு கணக்குப் பாடம் போலப் பார்ப்போம். 380,000 ரிங்கிட்டில் 8 விழுக்காடு 30,400. அதை 365-ஆல் வகுத்தால் ஒரு நாளைக்கு 83 ரிங்கிட் 29 காசு. 90 நாளுக்கு ஏறக்குறைய 7,500 ரிங்கிட். அந்தப் பணத்தை நான் வாங்கியிருப்பேனா என்று கேட்டால், அநேகமாக வாங்கியிருக்க மாட்டேன். ஏனென்றால், நாளொன்றுக்கு 83 ரிங்கிட் என்ற எண்ணிக்கை தாளில் இருந்திருந்தால், சாயம் பூசும் வேலை இரண்டு வாரத்திலேயே முடிந்திருக்கும்!

வாங்குவோர் கவனத்திற்கு

வீடு வாங்கவிருக்கும் ஆசிரியர்களும் பெற்றோர்களும் கையொப்பமிடுவதற்கு முன் கீழ்க்கண்டவற்றை உங்கள் வழக்கறிஞரிடம் பேசிவிடுங்கள்.

1. வீட்டை ஒப்படைக்கும் நாளைத் தெளிவாக எழுதச் செய்யுங்கள். 'முழுப்பணம் கிடைத்த இத்தனை வேலை நாளுக்குள்' என்று எண்ணிக்கை இருக்கட்டும். 'உடனே', 'விரைவில்' போன்ற சொற்களை நம்பாதீர்கள்.

2. வாங்குபவருக்கு உள்ள தாமத வட்டி விற்பவருக்கும் இருக்கட்டும். நாள் கணக்கில் எழுதுங்கள்.

3. மீதப் பணத்தில் ஒரு பகுதியாவது, சாவி ஒப்படைக்கப்படும் வரை வழக்கறிஞரின் கையிலேயே இருக்கும்படி கேளுங்கள். இதில் அவமதிப்பு ஒன்றுமில்லை. சொத்து ஆதாய வரிக்காக விலையில் ஒரு பகுதியைப் பிடித்து வைப்பது நம் நாட்டில் வழக்கம்தானே! விற்பவருக்கும் இதில் நன்மை உண்டு. பணம் வழக்கறிஞரிடம் பத்திரமாக இருப்பதை அறிந்தால் அவருடைய அச்சமும் நீங்கும்.

4. வீட்டில் வாடகைக்குக் குடியிருப்போர் உண்டா என்று பாருங்கள். ஒப்பந்தத்தில் வீடு 'மிலிக்கான் கோசோங்', அதாவது ஆளும் பொருளும் இல்லாமல் காலியாக ஒப்படைக்கப்படும் என்று இருக்க வேண்டும். குடியிருப்போரை வெளியேற்றும் பொறுப்பு விற்பவருடையது என்பதும் தெளிவாக இருக்கட்டும்.

5. உங்கள் வாடகை வீட்டை விடுவதாக அவசரப்பட்டு நாள் சொல்லாதீர்கள். சாவி வந்த பிறகு ஒரு மாதம் கூடுதலாக வாடகை கொடுப்பது, பெட்டிகளோடு உறவினர் வீட்டில் இருப்பதைவிட மேல். புதுமனை புகுவிழாவுக்கு அழைப்பிதழ் அடிப்பதும் அப்படியே.

6. சாவி வாங்கும் நாளில் மின்சார, தண்ணீர் மீட்டர்களைப் படம் எடுத்து வையுங்கள். மதிப்பீட்டு வரி, நிலவரி, கழிவுநீர்க் கட்டணம் ஆகியவை அந்த நாள்வரை கட்டப்பட்டுள்ளனவா என்று பாருங்கள்.

விற்பவர் அவகாசம் கேட்டால்?

கொடுங்கள். நான் இப்போதும் கொடுக்கத்தான் சொல்வேன். ஆனால், கொடுப்பதை எழுத்தில் கொடுங்கள். எந்த நாள் வரை, ஒரு நாளைக்கு எவ்வளவு, மின்சாரமும் தண்ணீரும் யார் பொறுப்பு, நாள் கடந்தால் என்ன என்பவை ஒரு பக்கத்தில் அடங்கிவிடும். ஒரு வெள்ளிகூட வேண்டாம் என்று நினைத்தால் 'கட்டணம் இல்லை' என்று எழுதுங்கள். ஆனால், நாளை மட்டும் எழுதாமல் விடாதீர்கள்.

இந்தத் தாளை உங்கள் வழக்கறிஞர் எழுதுவதே நல்லது. காரணம், அது வாடகை ஒப்பந்தமாக மாறிவிட்டால் நிலைமை வேறு. வாடகைக் காலம் முடிந்தும் வெளியேறாதவரை, நீதிமன்றத்தின் வழியாகவே அன்றி உரிமையாளர் தாமாக வெளியேற்றக் கூடாது என்று 1950-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் 7-ஆம் பிரிவு சொல்கிறது.

சிலர், "நம் வீடுதானே, பூட்டை மாற்றிவிடலாம், மின்சாரத்தைத் துண்டித்துவிடலாம்" என்று யோசனை சொல்வார்கள். எனக்கும் சொன்னார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். சட்டச் சிக்கல் ஒருபுறம் இருக்கட்டும். இருட்டில் உட்கார்ந்து தேர்வுக்குப் படிக்கும் பிள்ளையும் ஒரு மாணவர்தானே! முதலில் பணிவான ஒரு கடிதம். பதில் இல்லையென்றால் வழக்கறிஞரின் கடிதம். அதற்கும் பயனில்லையென்றால் நீதிமன்றம். இந்த வரிசையில்தான் போக வேண்டும்.

விற்போருக்கும் ஒரு வார்த்தை

வீட்டை விற்கும் பெற்றோர்களே, உங்களுக்கு எவ்வளவு காலம் தேவை என்பதை வெட்கப்படாமல் முதல் நாளிலேயே சொல்லுங்கள். அதனால் விலை சற்றுக் குறையலாம். வாங்குபவர் வேறு வீடு பார்த்துப் போகவும் கூடும். ஆனால், பணத்தை வாங்கிக்கொண்ட பிறகு ஒவ்வொரு வாரமாகக் கேட்டுப் பெறும் அவகாசம் உங்களுடையது அன்று. அது இன்னொரு வீட்டுப் பிள்ளையின் படுக்கையிலிருந்தும் படிப்பு மேசையிலிருந்தும் எடுக்கப்படுவது. வாங்கியவர் சிரித்துக்கொண்டே 'பரவாயில்லை' என்று சொன்னாலும், அவர் எங்கே தங்கியிருக்கிறார் என்று ஒருமுறையாவது கேளுங்கள். எங்கள் அண்ணன் கடைசிவரை அதைக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

'நம்மவர்களுக்குள் எதற்கு எழுத்து?' என்று கேட்போர் உண்டு. நம்மவர்கள் என்பதால்தான் எழுத்து வேண்டும் என்பது என் கருத்து. அந்நியரோடு மனத்தாங்கல் வந்தால் மறந்துவிடலாம். நம்மவரைக் கோவிலிலும் திருமண வீட்டிலும் பள்ளிக் கூட்டத்திலும் மறுபடி மறுபடி பார்க்க வேண்டும். அந்த அண்ணனை நான் இன்றும் சில வேளைகளில் சந்தையில் பார்க்கிறேன். நலம் விசாரித்துக் கொள்கிறோம். ஆனால், ஏதோ ஒன்று இடையில் நிற்கிறது. ஒரு நாளைக் குறித்து எழுதியிருந்தால் அது நின்றிருக்காது. வகுப்பில் வீட்டுப்பாடத்திற்கு நாள் குறிக்கிறோம். மாணவரை நம்பாமலா குறிக்கிறோம்? அவர் திட்டமிட்டு முடிக்க வேண்டும் என்பதற்காகத்தானே!

அந்த இளம் ஆசிரியைக்கு நான் ஒரு கடிதம் எழுத உதவினேன். அதன் சாரம் இதுதான்:

'வணக்கம். முழுப்பணமும் செலுத்தப்பட்டு மூன்று வாரங்கள் ஆகின்றன. தங்களுடைய சிரமம் எங்களுக்குப் புரிகிறது. நாங்களும் இம்மாத இறுதிக்குள் வாடகை வீட்டைக் காலி செய்ய வேண்டியுள்ளது. தாங்கள் எந்த நாளில் வீட்டை ஒப்படைக்க இயலும் என்பதை ஒரு வாரத்திற்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டுகிறோம். கூடுதல் நாள் தேவைப்பட்டால் இருவரின் வழக்கறிஞர்கள் வழியாக அதை எழுதிக்கொள்வோம்.'

அதில் கோபம் இல்லை, கெஞ்சலும் இல்லை. அனுப்புவதற்கு முன் அவர் அதை மூன்று முறை படித்தார். "இது மரியாதைக் குறைவாக இல்லையே, சார்?" என்று கேட்டார். "இல்லை அம்மா. அவர்களுக்கும் இது உதவிதான்" என்றேன். கடிதம் போயிருக்கிறது. பதிலுக்குக் காத்திருக்கிறோம்.

நான் வழக்கறிஞன் அல்லன். ஒவ்வோர் ஒப்பந்தமும் வெவ்வேறாக இருக்கும் என்பதால், உங்கள் தாளை உங்கள் வழக்கறிஞரிடம் காட்டிக் கேளுங்கள். நான் சொல்ல விரும்புவது ஒன்றே. இரக்கப்படுங்கள், ஆனால், இரக்கத்திற்கு ஒரு நாளைக் குறித்துவிடுங்கள். நாள் குறிக்காத இரக்கம், கொடுத்தவரையும் நோகடிக்கும், பெற்றவரையும் கடனாளியாக்கும்.